உன் பெயரில் ஒரு எடைக்குறைப்புக் கோப்பை

என் அருமைத் தம்பி செந்திலுக்கு,

உன் பெயரில் ஒரு கோப்பை வந்திருக்கிறதடா. வெள்ளி நிறம், இரண்டு பக்கமும் கைப்பிடி, கீழே கட்டையில் உன் பெயர் தமிழிலும் ஆங்கிலத்திலும். நம் தமிழ்ச் சங்கத்தின் எடைக்குறைப்புப் போட்டியில் யார் அதிகம் இளைக்கிறார்களோ அவர்களுக்கு இனி வருஷா வருஷம் அதைக் கொடுக்கப்போகிறார்களாம்.

செயலாளர் ரமேஷ்தான் போன் செய்தான். "அக்கா, ஒரு நல்ல விஷயம். செந்தில் நினைவா ஒரு ரோலிங் கப் வெக்கலாம்னு கமிட்டில முடிவு பண்ணிட்டோம். நீங்கதான் ஸ்டேஜ்ல வந்து குடுக்கணும்," என்றான். அவன் குரலில் நிஜமான பாசம் இருந்தது. அதனால்தான் அவனிடம் கத்த முடியவில்லை. "யோசிச்சுச் சொல்றேன்பா" என்று வைத்துவிட்டு, அடுப்படியில் நின்று அழுதேன். உன்னைக் கொண்டுபோனது எதுவோ அதற்கே உன் பெயரில் பரிசு கொடுக்கிறோம் என்று அவனுக்கு அப்போது தெரியாது. தெரியாமல் பார்த்துக்கொண்டது நாங்கள்தான்.

உனக்குத் தெரிந்த கதையை உனக்கே சொல்கிறேன் என்று நினைக்காதே. பக்கத்தில் நின்று கேட்கிறவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

எல்லோரையும் போல விளையாட்டாகத்தான் நீ அந்தப் போட்டியில் சேர்ந்தாய். வாட்ஸ்அப் குழுவுக்குத் 'தொப்பையைத் துரத்து' என்று பெயர். மாதம் ஒரு முறை ரமேஷ் வீட்டுக் கராஜுக்குப் போய் எடை மிஷினில் ஏறி நிற்க வேண்டும். நீ முதல் தடவை ஏறியபோது, "மிஷின் பாவம், இறங்கு மாப்ள" என்று உன் மாமா, அதாவது என் வீட்டுக்காரர், கிண்டல் அடித்தார். அடுத்த மாதம் குறைந்தாய். அதற்கடுத்த மாதம் இன்னும் குறைந்தாய். சட்டை தொளதொளவென்று ஆனது. ஆணியைச் சூடு பண்ணி பெல்ட்டில் நீயே புது ஓட்டை போட்டு, அதைப் படமெடுத்துக் குழுவில் போட்டாய். கை தட்டுகிற பொம்மைகள் வரிசையாக வந்து விழுந்தன.

ரகசியம் என்ன என்று ஊரே கேட்டது. நீ கொள்ளு ரசம் என்று சொல்லப்போக, இங்கே எடிசனில் ஓக் ட்ரீ ரோட்டு இந்தியக் கடைகளில் கொஞ்ச நாள் கொள்ளே கிடைக்கவில்லை. ஆனால் நீ பட்டினி கிடக்கவில்லை என்று எனக்குத் தெரியும். என் வீட்டுக்கு வந்தால் மூன்றாவது தடவை சோறு கேட்பாய். "எவ்வளவு சாப்பிட்டாலும் ஏற மாட்டேங்குதுக்கா. மெட்டபாலிசம் செட் ஆயிடுச்சு," என்று பெருமை வேறு. எனக்கு வயிறு எரிந்தது. ஒரு வாய் சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டால் இடுப்பில் போய் ஒட்டிக்கொள்கிற ஜாதி நான்.

அப்புறம் அந்தத் தண்ணீர் பாட்டில். சின்னக் குடம் அளவுக்கு ஒன்றை எங்கே போனாலும் தூக்கிக்கொண்டு அலைந்தாய். அதைக் குடித்துவிட்டு என் வீட்டுக் குழாயில் மறுபடி நிரப்பிக்கொள்வாய். எங்கள் பிள்ளைகளிடம் நானே சொன்னேன், "செந்தில் மாமாவைப் பாத்துக் கத்துக்கங்க, தண்ணி எப்படிக் குடிக்கிறார் பாருங்க" என்று. தண்ணீர் குடித்தால் பாத்ரூம் போகத்தானே வேண்டும்? ஜெர்சி சிட்டியிலிருந்து மன்ஹாட்டனுக்கு ரயிலில் போகிற அந்தக் கொஞ்ச நேரம்கூட உன்னால் அடக்க முடியவில்லை. அதையும் வேடிக்கையாக்கினாய். "மன்ஹாட்டன்ல எந்தக் காபிக் கடைக்காரன் பாத்ரூம் கதவோட நம்பர் கோடு கேட்காம விடுவான்னு எனக்கு அத்துப்படிக்கா." நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம்.

ஆபீஸ் ஸ்க்ரீன் மங்கலாகத் தெரிகிறது என்றாய். நாற்பது தாண்டினால் அப்படித்தான் என்றேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டதும் சோபாவில் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனாய். அவ்வளவு நடந்தால் களைப்பு வராதா என்றோம். எல்லாவற்றுக்கும் எங்களிடம் ஒரு நல்ல காரணம் தயாராக இருந்தது.

கவிதா மட்டும் ஒரு தடவை சொன்னாள். உன் மனைவி வாயைத் திறப்பதே அபூர்வம், அன்றைக்குத் திறந்தாள். "ஒரு தடவை டாக்டரைப் பாருங்களேன், முகமெல்லாம் ஒட்டிப் போச்சு." அதற்கு நீ சொன்ன பதில் இங்கே இருக்கிற நம் ஆட்கள் எல்லோரும் சொல்கிற பதில். "டிசம்பர்ல ஊருக்குப் போறோம்ல, அங்க ஃபுல் பாடி செக்கப் பண்ணிக்கிறேன். இங்க அப்பாயின்ட்மென்ட் கிடைக்கவே மாசக்கணக்காகும். அங்க காலைல ரத்தம் குடுத்தா சாயங்காலம் ரிப்போர்ட்." பிறகு விசா ஸ்டாம்பிங் சிக்கல் வந்தது. இப்போது வெளியே போனால் திரும்ப வருவது நிச்சயமில்லை என்று ஆபீஸில் சொன்னார்கள். டிக்கெட்டைக் கேன்சல் பண்ணினாய். ஊர்ப் பயணம் தள்ளிப்போனது, அதோடு செக்கப்பும் தள்ளிப்போனது. கையில் இன்சூரன்ஸ் அட்டையை வைத்துக்கொண்டு, ஏழு கடல் தாண்டிப் போய் ஒரு சொட்டு ரத்தம் கொடுக்கக் காத்திருந்தாயேடா.

தீபாவளி விழாவில் நீதான் முதல் பரிசு. பேண்ட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டு மேடை ஏறினாய். ஹால் முழுக்க எழுந்து நின்று கை தட்டியது. நான் முதல் வரிசையில் நின்று விசில்கூட அடித்தேன்.

சில வாரங்களில் வாந்தி என்று படுத்தாய். ஏதோ பார்ட்டியில் சாப்பிட்ட பிரியாணி ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துக் கவிதா ரசம் வைத்துக் கொடுத்தாள். அடுத்த நாள் மூச்சு வாங்கியது, பேச்சு குழறியது, ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள். எமர்ஜென்சியில் டாக்டர் அவளிடம் கேட்ட முதல் கேள்வி, உங்கள் வீட்டுக்காரருக்கு எவ்வளவு நாளாக டயபடீஸ் என்பது. "அவருக்கு டயபடீஸே கிடையாது," என்று கவிதா சொன்னாள். நான் அவள் பக்கத்தில்தான் நின்றேன். நானும் ஆமாம் என்று தலையாட்டினேன். சர்க்கரை ஐந்நூறைத் தாண்டியிருந்தது. ரத்தத்தில் அமிலம் ஏறி, இதயம் தாங்கவில்லை. கண்டுபிடித்த நாளும் நீ போன நாளும் ஒன்றுதான்.

அப்பாவுக்கு எத்தனையோ வருஷமாகச் சர்க்கரை. ஈரோட்டில் அவர் சாப்பாட்டுக்கு முன்னால் மாத்திரை போடுவதைப் பார்த்துக்கொண்டேதான் நீயும் நானும் வளர்ந்தோம். ஆனால் அது அப்பாக்களுக்கு வருவது, ஓய்வு பெற்றவர்களுக்கு வருவது, தொப்பை வைத்தவர்களுக்கு வருவது. இளைத்து அழகாகிக்கொண்டே போகிறவனுக்கு வரும் என்று யாரடா நமக்குச் சொன்னார்கள்?

துக்கம் கேட்க வந்த இடத்திலேயே ஆரம்பித்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் நடந்தது அரசல்புரசலாகக் காதில் விழுந்த ஓர் ஆன்ட்டி, கவிதாவின் கையைப் பிடித்துக்கொண்டே, "சுகர் இருந்தது உனக்குத் தெரியவே தெரியாதாம்மா? கூடவேதானே இருந்த?" என்று கேட்டார். அன்றைக்கு அவள் என்னை உள்ளே கூப்பிட்டு ஒன்று கேட்டாள். "அண்ணி, ஹார்ட் அட்டாக்னே சொல்லிடுங்க. யார் கேட்டாலும் அதையே சொல்லுங்க. நாந்தான் கவனிக்காம விட்டேன்னு காலத்துக்கும் பேசுவாங்க." சத்தியம் செய்து கொடுத்தேன். அப்பாவுக்கும் அதையேதான் சொன்னோம். அவர் இன்றைக்கும் அப்படித்தான் நம்புகிறார்.

இப்போது புரிகிறதா, அந்தக் கோப்பை ஏன் என்னைச் சுட்டது என்று?

அதைவிடப் பெரிய கூத்து ஒன்று உண்டு. உன் மாமா இந்த வருஷம் போட்டியில் சேர்ந்துவிட்டார். "மாப்ள பேரு போட்ட கப்பு வேற வீட்டுக்குப் போகலாமா?" என்று வீம்பு. பனியிலும் நடக்கிறார். சோற்றைப் பாதியாக்கினார், இனிப்பை விட்டார். இளைக்கத் தொடங்கினார். கையில் ஒரு பெரிய தண்ணீர் பாட்டிலும் வந்து சேர்ந்தது. அதைப் பார்த்த நாளிலிருந்து என் உயிர் என்னிடம் இல்லை. அவர் பாத்ரூமுக்குப் போனால் கதவு திறக்கும் சத்தத்தைக் காது தானாகக் கேட்கும். சோபாவில் கண்ணை மூடினால் போய்த் தட்டி எழுப்புவேன்.

"ஒரு பிளட் டெஸ்ட் எடுத்துட்டு வாங்களேன்," என்றேன்.

"எதுக்கு? நல்லாத்தானே இருக்கேன். வாழ்க்கைல முதல் தடவையா பேண்ட் லூசாகுது, அது உனக்குப் பொறுக்கலையா?"

"செந்திலும் இப்படித்தாங்க சொன்னான்."

அவர் பாட்டிலைக் கீழே வைத்தார். பிறகு என்னைப் பார்த்து, "சரி, நீ கடைசியா எப்ப டெஸ்ட் எடுத்த? சொல்லு பாக்கலாம்," என்றார். நான் யோசித்தேன். பெரியவன் காலேஜில் சேருவதற்கு முன்பா, அதற்கும் முன்பா? நினைவு வரவில்லை. "ரெண்டு பேரும் போலாம். நீ குடுத்தா நானும் குடுக்கறேன். தனியா நான் போக மாட்டேன்," என்று பேரம் பேசினார். உன் மாமாவிடம் பேரத்தில் ஜெயித்தவர்கள் உண்டா?

அப்படித்தான் ஒரு சனிக்கிழமை காலை வெறும் வயிற்றோடு போய் இருவரும் ரத்தம் கொடுத்தோம். இவரை இழுத்து வந்துவிட்டோம் என்கிற நிம்மதியில் என் கையில் ஊசி குத்தியதுகூடத் தெரியவில்லை. அடுத்த வாரம், மளிகைக் கடையில் பில் போட வரிசையில் நின்றபோது போன் அடித்துக் காட்டியது, ரிப்போர்ட் வந்துவிட்டது என்று. முதலில் அவருடையதைத்தான் திறந்தேன். எல்லாம் பச்சை. மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைச் சொல்கிற ஏ ஒன் சி டெஸ்ட்டும் பச்சை. அந்த மனுஷன் உண்மையாகவே நடந்து, உண்மையாகவே சாப்பாட்டைக் குறைத்து இளைத்திருக்கிறார். எனக்கு அங்கேயே கடவுளுக்கு நன்றி சொல்லத் தோன்றியது.

பிறகு என்னுடையதைத் திறந்தேன். ஏ ஒன் சி ஒன்பதுக்கு மேல். சிவப்பு எழுத்து. ஆறரையைத் தொட்டாலே சர்க்கரை வியாதி என்று பக்கத்திலேயே போட்டிருந்தது.

எனக்கா? இளைக்கவே இல்லையேடா நான். எனக்குத் தாகமும் அப்படி ஒன்றும் இல்லையே. கண்ணாடி மாற்றினேன், அது வயசு. கால் விரல்கள் மரத்துப்போகும், அது புதுச் செருப்பு. தேங்காய் துருவும்போது கையில் பட்ட காயம் ஆறாமல் இழுத்துக்கொண்டே போனது, அது தண்ணீரில் பாத்திரம் கழுவுவதால். மாமாவை வேவு பார்த்துக்கொண்டிருந்த கண் என்மேல் ஒரு தடவையும் திரும்பவில்லை. நீயும் நானும் ஒரே அப்பாவுக்குப் பிறந்தவர்கள். மாமா யாரோ வீட்டுப் பிள்ளை. இது புரிய எனக்கு அந்த வரிசை வரைக்கும் போக வேண்டியிருந்தது.

அதன் பிறகு நான் செய்ததுதான் உன்னிடம் சொல்ல வேண்டியது. போனை அணைத்துக் கைப்பையில் போட்டேன். பில் போட்டேன். உன் மாமா காத்திருந்த காரில் ஏறினேன். "உங்களுக்கு எல்லாம் நார்மல்" என்றேன். "பாத்தியா, சொன்னேன்ல!" என்று துள்ளினார். "உனக்கு?" என்று கேட்டார். "எனக்கும்தான்," என்றேன்.

டாக்டர் ஆபீஸிலிருந்து கூப்பிட்டார்கள். எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டார்கள், வாய்ஸ்மெயிலைக் கேட்காமலே விட்டேன். டிசம்பரில் ஊருக்குப் போகும்போது நம் ஆளிடம் நிதானமாகக் காட்டிக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆமாம், நானேதான். உன்னைப் பறிகொடுத்துவிட்டு, உன் வாயிலிருந்து வந்த அதே பேச்சை எனக்குள் பேசிக்கொண்டிருந்தேன். படித்தவள், ஆபீஸில் பத்துப் பேரை மேய்ப்பவள். பயம் வந்துவிட்டால் படிப்பு எங்கே போகிறது என்று எனக்குத் தெரியவில்லை.

என்னைக் கண்டுபிடித்தது கவிதா. கோப்பை விஷயம் பேச ஜெர்சி சிட்டிக்கு அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். "அண்ணாவுக்கு டெஸ்ட் நல்லா வந்துச்சுன்னு சொன்னீங்களே அண்ணி. உங்களுக்கு?" என்றாள். "ஓகேதான்," என்றேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கையை நீட்டினாள்.

"காட்டுங்க."

"எதை?"

"போனை எடுங்க அண்ணி. காட்டுங்க."

அந்த அமைதியான பெண்ணிடம் அப்படியொரு குரல் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. எடுத்துக் கொடுத்தேன். பார்த்தாள். திட்டவில்லை, அழவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "இன்னொரு தடவை என்னால முடியாது அண்ணி," என்றாள். அவ்வளவுதான். எனக்கு அப்பாயின்ட்மென்ட் வாங்கினாள், லீவு போட்டாள், எடிசனில் என் வீடு வரைக்கும் வந்து என்னை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனாள். மாமாவிடமும் என்னைச் சொல்ல வைத்தாள். அந்த மனுஷன், தன்னுடைய தண்ணீர் பாட்டிலைப் பற்றி நான் போட்ட சண்டைகளுக்கெல்லாம் சேர்த்து என்னைப் பார்த்தார் ஒரு பார்வை.

டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் பார்ப்பதற்கு முன்பே என் கழுத்தைப் பார்த்தார். பின்பக்கம் கறுத்திருக்கிறதே, எவ்வளவு நாளாக என்றார். சங்கிலி உரசி வந்தது என்றேன். அது உரசலால் வந்ததில்லை, உடம்பு இன்சுலினுக்குச் சரியாகக் கட்டுப்படாதபோது இப்படிக் கறுப்பதுண்டு, பல பேருக்கு இதுதான் முதல் அறிகுறி என்றார். செந்தில், அந்தக் கறுப்பைப் போக்க நான் என்னவெல்லாம் செய்திருக்கிறேன் தெரியுமா? பயத்தம் மாவு, எலுமிச்சம்பழம், ஓக் ட்ரீ ரோட்டு பார்லரில் ப்ளீச். பார்லர் பெண்ணும் நானும் சேர்ந்து மாதா மாதம் அறிகுறியைத் தேய்த்து அழிக்கப் பார்த்திருக்கிறோம்.

உன்னைப் பற்றியும் அவரிடம் சொன்னேன். இளைப்பதும் அறிகுறிதான், இளைக்காமலே இருப்பதும் உண்டு, ஒன்றுமே தெரியாமல் வருஷக்கணக்கில் உள்ளே இருப்பதும் உண்டு என்றார். அப்பாவுக்கு இருக்கிறது என்றால் பிள்ளைகள் தாகம் வரட்டும் என்று காத்திருக்கக் கூடாதாம், நன்றாக இருக்கும்போதே ரத்தம் கொடுத்துப் பார்க்க வேண்டுமாம். இவ்வளவுதானா விஷயம்? இதைச் சொல்ல ஒருவரும் இல்லாமலா போனார்கள் நமக்கு?

திரும்பி வரும்போது கவிதாவிடம் கேட்டேன். "கப்பு குடுக்கப் போறப்ப நான் பேசலாமா? அவனைப் பத்தி இல்ல. உனக்குக் குடுத்த சத்தியத்தை மீற மாட்டேன். என்னைப் பத்தி மட்டும் பேசறேன்." அவள் ரோட்டையே பார்த்துக்கொண்டு, "உங்க இஷ்டம் அண்ணி" என்றாள். பிடித்துச் சொன்னாளா பிடிக்காமல் சொன்னாளா என்று எனக்குப் பிடிபடவில்லை.

விழா நடந்தது ஒரு ஸ்கூல் ஆடிட்டோரியத்தில். மாமாவுக்கு இரண்டாம் இடம். முதல் இடம் ஜெர்சி சிட்டியில் ஏதோ பேங்க்கில் கான்ட்ராக்டில் இருக்கிற ஒரு பையனுக்கு. கன்னம் ஒட்டி, சட்டை தொங்கிக்கொண்டு அவன் மேடைக்கு வந்தான். கூட்டம் கை தட்டியது. கோப்பையை அவன் கையில் கொடுத்துவிட்டு மைக்கைப் பிடித்தேன்.

"எனக்கு சுகர் இருக்கு. இப்பத்தான் தெரிஞ்சுது," என்றேன். கால் மரத்ததை, ஆறாத காயத்தை, கழுத்துக் கறுப்பைச் சொன்னேன். ரிப்போர்ட்டைப் பார்த்தும் ஒளித்துவைத்ததைச் சொன்னேன். "சில பேருக்கு இதே வியாதி ஆளை இளைக்க வெக்கும். யாராவது சும்மா இளைச்சா, சாப்பிட்டும் இளைச்சா, தண்ணியா குடிச்சா, அடிக்கடி பாத்ரூம் போனா, கை தட்டறதுக்கு முன்னாடி டெஸ்ட் எடுத்தீங்களான்னு கேளுங்க," என்றேன். உன் பெயரைச் சொல்லவில்லை. அடுத்தது குழந்தைகளின் நடனம் என்று ரமேஷ் ஓரத்தில் நின்று கைக் கடிகாரத்தைக் காட்டிக்கொண்டிருந்தான்.

அப்போது கவிதா எழுந்து நின்றாள். நடு வரிசை, உன் மகள் யாழினி பக்கத்தில். மைக் கிடையாது, ஆனால் எல்லோருக்கும் கேட்டது.

"அவருக்கும் சுகர்தான். ஹார்ட் அட்டாக்னு நான்தான் சொல்லச் சொன்னேன். எங்களுக்குத் தெரியல. கூடவே இருந்தேன், எனக்குத் தெரியல. அவரு இளைக்க இளைக்க நீங்க எல்லாரும் கை தட்டினீங்க." கொஞ்சம் நிறுத்தினாள். "நானும் தட்டினேன்."

உட்கார்ந்துகொண்டாள். ரமேஷ் மேடையிலேயே தலையில் கை வைத்து நின்றுவிட்டான். அவனைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது, பாசத்தில் செய்த பிள்ளை.

பிறகு நடனம் நடந்தது, சாப்பாடு நடந்தது. எல்லோரும் திருந்திவிட்டார்கள் என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். "நல்ல நாளும் அதுவுமா இதெல்லாம் மேடையில பேசணுமா?" என்று ஒருவர் என் காதுபடவே சொன்னார். துக்கத்துக்கு வந்து கேட்ட அதே ஆன்ட்டி கவிதாவின் தட்டில் ஒரு ஜாங்கிரியை வைத்துவிட்டு நகர்ந்தார். ஆனால் கோப்பை வாங்கிய பையனின் மனைவி சாப்பாட்டு வரிசையில் என் பின்னாலேயே வந்து நின்றாள். "அக்கா, டெஸ்ட்டுக்கு எங்க போகணும்? யாரைக் கூப்பிடணும்?" என்று மெல்லக் கேட்டாள். அவனுக்கு டெஸ்ட்டில் என்ன வந்தது என்று இன்னும் தெரியவில்லை. தெரிந்தால் சொல்கிறேன். அப்பாவுக்கு எப்படிச் சொல்வது என்றும் தெரியவில்லை. அவரிடமிருந்து நமக்கு வந்தது என்று அவர் நினைத்துக்கொண்டால் என்ன செய்வேன்?

அன்றைக்குக் கவிதாவின் காரில்தான் கிளம்பினேன். பார்க்கிங் லாட்டை விட்டு வெளியே வருவதற்குள் பின் சீட்டிலிருந்து உன் மகள், அப்பாவுக்கு இது தெரிந்திருந்ததா என்று கேட்டாள். உனக்குத் தெரியுமே, நாம் தமிழில் கேட்டால் அவள் இங்கிலீஷில்தான் பதில் சொல்வாள்.

"அத்தை, டிட் அப்பா நோ?"

கவிதா வண்டியை ஓரமாக நிறுத்தினாள். உனக்குத் தெரிந்திருக்காது என்ற பதில் வாய் வரை வந்தது. ஆனால் யாழினி பின்னாலிருந்து கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எனக்குத் தெரியல கண்ணு. எனக்கு வந்தது தெரிஞ்சப்ப நான் போனை மூடி வெச்சேன். அவன் என்ன பண்ணுனான்னு எனக்குத் தெரியல," என்றேன்.

"வை வுட் யூ டூ தட்?" ஏன் அப்படிச் செய்தேனாம்.

"பயமா இருந்துச்சு."

யாழினி சீட் பெல்ட்டைக் கழற்றினாள். பிறகு முன்னால் சாய்ந்து என் தோளில் கை வைத்தாள். "நெக்ஸ்ட் டைம் யூ டெல் மீ, ஓகே?" என்றாள், அடுத்த தடவை தன்னிடம் சொல்ல வேண்டுமாம். வாக்குக் கொடுத்தேன். இப்போது அதை உனக்கும் கொடுக்கிறேன். மாத்திரையைத் தவறவிட மாட்டேன். என் ஒவ்வொரு ரிப்போர்ட்டையும், நல்லதோ கெட்டதோ, உன் மகள் பார்ப்பாள். அவளையும் நானே கூட்டிப்போய் டெஸ்ட் எடுக்க வைப்பேன், ஒவ்வொரு வருஷமும், இங்கேயே.

உனக்குத் தெரிந்திருந்ததா தம்பி? ரயிலிலோ பாத்ரூமிலோ தனியாக நின்று, இது அப்பாவுடையது என்று உனக்கு ஒரு தடவையாவது பட்டதா? பட்டிருந்தால், பயந்திருந்தால், என்னைக் கூப்பிட்டிருக்கலாமேடா. திட்டியிருப்பேன். திட்டிக்கொண்டேதான் கார் சாவியை எடுத்திருப்பேன்.

உன் கூடப் பிறந்தவள்,
அக்கா வளர்மதி
எடிசன், நியூ ஜெர்சி